இருபத்துமூன்றாவது பெயர்

"அப்பா, செத்துப்போனவங்களோட பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கும்?"

அந்தோணிசாமியின் மகள் ஜெசிந்தா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. 1997ஆம் வருஷத்து ஆயுதபூஜை. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த திருமலர் ரப்பர் கம்பெனிக்கு அன்று ஒரு நாள் மட்டும் பிள்ளைகளை அழைத்து வரலாம். கம்ப்யூட்டர் அறையில் சர்வர் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, அதன் தலையில் ஒரு எலுமிச்சம்பழத்தை உட்கார வைத்திருந்தார்கள். பொரியைக் கொறித்துக்கொண்டே குழந்தை திரையைப் பார்த்தது. அந்த நேரத்தில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று சர்வர் காட்டும் பட்டியல் அது. பூஜை நாள் என்பதால் இரண்டே பெயர்கள் இருந்தன. குழந்தை ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தது. ஒன்று அந்தோணி. மற்றது குப்பு.

குப்பு மாமாவை ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டு வாசலில் மாலையோடு கிடத்தியிருந்ததை ஜெசிந்தா பார்த்திருக்கிறாள். அது போன வருஷம் ஆடியில்.

அந்தோணிசாமி திரையைப் பார்த்தான். பிறகு மகளிடம், "பொரியைக் கீழே சிந்தாம சாப்பிடு" என்றான்.

குப்புராஜ்தான் அந்தக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தவர். 1991இல் தன் கையாலேயே சுவரில் துளை போட்டு, வயர் இழுத்து, நெட்வேர் என்ற ஏற்பாட்டில் அத்தனை மேஜைகளையும் ஒரே சர்வரோடு கோத்தார். காலையில் யார் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டாலும் வேலை தொடங்கும் முன் திரையில் இரண்டு வரி வருகிற மாதிரி செய்துவைத்தார். ஆங்கில எழுத்தில் தமிழ். நாள் பார்த்து, ஆள் பார்த்து வரும். "சம்பத் சார், இன்னிக்கு உங்க கல்யாண நாள், பூ வாங்கினு போங்க" என்று வருஷத்துக்கு ஒரு முறை அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு. "ஜெயவேலு, பி.பி. மாத்திரை" என்று தினமும் ஸ்டோர்ஸ்காரருக்கு. கம்ப்யூட்டர் அறையில் தனக்கு உதவியாக இருந்த அந்தோணிசாமிக்குச் சனிக்கிழமைதோறும்: "டேப் எடுத்தியா?"

அன்றைய கணக்குகளை ஒரு பிரதி டேப்பில் எடுத்து வைத்தாயா என்று அர்த்தம்.

குப்புராஜ் மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வரிகள் நிற்கவில்லை. நிறுத்துவதற்கு அந்தோணிசாமிக்கு மனம் வரவில்லை. மாத்திரை போட்டுக்கொள்ளும்போது ஜெயவேலு மட்டும் திரையைப் பார்த்து லேசாகத் தலையாட்டுவார்.

இப்படியே நடந்துகொண்டிருந்திருக்கும். ஆனால் 1998இல் முதலாளி ஒரு கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போனார். பந்தியில் பக்கத்து இலைக்காரர், "நீங்க இன்னும் அந்தப் பழசுலதான் இருக்கீங்களா? நாங்க விண்டோஸ் என்.டி.க்கு மாறி ஆறு மாசம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். முதலாளிக்கு அதற்குப் பிறகு பாயசம் இறங்கவில்லை. ஊர் திரும்பியதும் சர்வரை மாற்றச் சொன்னார். அதற்காகச் 'சர்வர் இடப்பெயர்வு உயர்நிலைக் குழு' அமைந்தது.

குழுவுக்குத் தலைவர் நிர்வாக ஆலோசகர் ஸ்ரீநிவாசராகவன். ஏதோ ஒரு அரசு இலாகாவில் முப்பத்துமூன்று வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரை அவர் ஒரு முறைகூடத் தொட்டதில்லை. அதனாலேயே பாரபட்சமில்லாதவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். உறுப்பினர்கள் சம்பத், புதிய சர்வரை விற்ற இடத்திலிருந்து வந்த இளைஞன் ரவி, இன்னும் மூன்று மேனேஜர்கள். அந்தோணிசாமி உறுப்பினர் இல்லை. வேலையைச் செய்யப்போகிறவன் குழுவில் இருந்தால் விவாதம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று தலைவர் கருதினார்.

முதல் கூட்டத்தில் ரவி எழுந்து, "இது ரெண்டு நாள் வேலை சார். சனிக்கிழமை ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமை முடிஞ்சிடும்" என்றான்.

ஸ்ரீநிவாசராகவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு நாள்ல முடியற காரியத்துக்கு எதுக்குய்யா ஒரு உயர்நிலைக் குழு? எங்களை வெச்சுண்டு பரிகாசம் பண்றேளா?"

ஆகவே வேலை நான்கு மாதத்துக்கு நீட்டப்பட்டது. கோப்புக்கு நிறம் பார்த்தார்கள். பழைய சர்வரை நிறுத்தவும் புதியதைத் தொடங்கவும் தனித்தனி முகூர்த்தம் குறித்தார்கள். இரண்டு முகூர்த்தங்களுக்கும் நடுவே ஒன்பது மணி நேரம் விழுந்தது. அந்த ஒன்பது மணி நேரம் கம்பெனி எதில் ஓடும் என்று ரவி கேட்டதைக் குறிப்பில் ஏற்றாமல் விட்டார்கள்.

பிறகு படிவம் ஏழு வந்தது. "நான் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு முழு மனத்துடனும் யாருடைய வற்புறுத்தலுமின்றியும் இடம்பெயரச் சம்மதிக்கிறேன்." ஒவ்வொருவரும் நேரில் வந்து கையெழுத்திட்டு, இடது கைப் பெருவிரல் ரேகையும் வைக்க வேண்டும். எல்லோரும் வந்தார்கள், வைத்தார்கள், சுவரில் விரலைத் துடைத்தார்கள்.

"சர்வர் லிஸ்டுல இருபத்துமூணு பேர். படிவம் இருபத்திரண்டு. ஒண்ணு எங்கே?" என்றார் தலைவர்.

"குப்புராஜ் இறந்துட்டார் சார்" என்றான் அந்தோணிசாமி.

"எனக்குத் தெரியாதா? மாலை போட்டவனே நான்தான். நான் கேக்கறது படிவம்."

"பேரை நீக்கிடலாம் சார். ஒரு நிமிஷ வேலை."

"நீக்கறதுக்குப் படிவம் எட்டு. அதுலயும் சம்பந்தப்பட்டவர் கையெழுத்து போட்டாகணும். இல்லேன்னா நாளைக்கு யாரும் யாரையும் நீக்கிடலாமே? உசுரோட இருக்கறவாளுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டாமா?"

அப்போதுதான் ரவி தயங்கித் தயங்கி ஒரு கத்தைக் காகிதத்தை மேஜையில் வைத்தான். சர்வரில் யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்ற குறிப்பு. அதில் இருபத்துமூன்றாவது பெயர் வேலை நாள் ஒவ்வொன்றிலும் காலை எட்டுப் பத்துக்கு உள்ளே வந்திருந்தது. மாலை ஆறுக்கு வெளியே போயிருந்தது.

சம்பத் தன் நாற்காலியைக் கொஞ்சம் கதவுப் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

ஸ்ரீநிவாசராகவன் காகிதங்களைக் கடைசி வரை புரட்டினார். "சர்வீஸ்ல இருந்தப்போ மாசம் நாலு நாள் லேட். இப்போ பாருங்கோ, ஒரு நாள் தவறலை. உசுரோட இருந்தப்போ இந்த ஒழுங்கு எங்கே போச்சு? இதை விசாரிக்கணும்."

மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் அறைக்கு யாரும் தனியாக வருவதில்லை. அக்கவுண்ட்ஸ் பெண்கள் இரண்டு பேராக வந்தார்கள். எட்டுப் பத்து ஆகும்போது ஆபீசில் பேச்சு தானாக நின்று, எட்டுப் பன்னிரண்டுக்கு மறுபடி தொடங்கும். சர்வர் மேல் எலுமிச்சம்பழம் வாரா வாரம் மாறியது. இவ்வளவு நாள் அன்பாகத் தெரிந்த இரண்டு வரியை இப்போது எல்லோரும் படிக்காமலே தள்ளிவிட்டார்கள். ஜெயவேலு மாத்திரையைத் திரையின் பக்கம் முதுகைக் காட்டிப் போட்டுக்கொண்டார்.

அந்தோணிசாமிக்கும் பயம்தான். தாம்பரம் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கெல்லாம் கம்பெனிக்கு வந்தான். பெயர் எந்த மேஜையிலிருந்து வருகிறது என்று வயரைப் பிடித்துக்கொண்டே போனான். அது ஆபீசைத் தாண்டி, முற்றத்தைக் கடந்து, பேக்கிங் ஷெட்டுக்குள் நுழைந்தது.

ஷெட்டில் கங்கம்மா பெருக்கி முடித்துத் துடைப்பத்தைச் சாத்திக்கொண்டிருந்தாள். குப்புராஜின் மனைவி. அவர் பணியில் இருக்கும்போது இறந்ததால் கருணை அடிப்படையில் தற்காலிகமாக வேலை கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷம் முடிகிறது. இந்த வருஷம் நிரந்தரம் ஆக வேண்டும். ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் வேறு சம்பாத்தியம் இல்லை.

"இன்னா சார் இவ்ளோ காலீல? டீ குட்ச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவள் சுவரிலிருந்த மெயின் சுவிட்சைத் தூக்கிப் போட்டாள்.

விளக்குகள் எரிந்தன. மூலையில், சாக்குக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி முனகிக்கொண்டு எழுந்தது. அதற்குத் திரை கிடையாது. புகைந்துபோய் வருஷமாகிறது. சர்வரிலிருந்து பட்டியல் எடுத்துப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பது ஒன்றுதான் அதன் வேலை. அதை வைத்த நாளில் ஏதோ அவசரத்தில் குப்புராஜ் அது தன் பெயரிலேயே உள்ளே போகும்படி செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தோணிசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எட்டுப் பத்து.

கங்கம்மா தினமும் காலையில் சுவிட்சைப் போடுகிறாள். அவள் புருஷன் உள்ளே வருகிறான். மாலையில் அணைக்கிறாள். அவன் போய்விடுகிறான். அவளுக்குத் தெரியாது.

"இன்னா சார் அப்பிடியே நின்னுட்டீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. வயர் பார்க்க வந்தேன்."

அந்தப் பெட்டியில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். மாற்ற வேண்டியது அவன் வேலை. மூன்று முறை சாக்கை விலக்கி உட்கார்ந்தான். மூன்று முறையும் எழுந்து வந்துவிட்டான். குழுவிடமும் சொல்லவில்லை. சொன்னால் சுவிட்சைப் போட்டவள் கங்கம்மா என்று அவள் பெயரை எழுதிக்கொள்வார்கள் என்று தோன்றியது. அதுவும் காரணம்தான். ஆனால் உண்மையான காரணம், இறந்த ஒரு மனிதரை இரண்டாம் முறை வெளியே அனுப்பும் கையாகத் தன் கை இருக்க வேண்டாம் என்பதுதான்.

குழு சும்மா இருக்கவில்லை. ஒரு வாரம் கழித்துக் கங்கம்மா ஒரு பழுப்பு உறையோடு அவனைத் தேடி வந்தாள்.

"சார், அவருக்கு ரிஜிஸ்டர் தபால் வந்துகீது. அவரு கையெய்த்துதான் வோணும்னு போஸ்ட்மேன் அடம் புடிச்சிகினு நிக்கிறான். அப்பால தெருவே சண்டைக்கு வந்து வாங்கிக் குட்த்துச்சு. இன்னா எயுதிகீது?"

அந்தோணிசாமி பிரித்துப் படித்தான். கம்பெனியின் தாளில் தட்டச்சு செய்திருந்தது. திரு குப்புராஜ் அவர்கள் இக்கடிதம் கண்ட மூன்று நாட்களுக்குள் குழுவின் முன் நேரில் ஆஜராக வேண்டும், தவறினால் ஒருதலைப்பட்சமாக முடிவெடுக்கப்படும்.

"வரச்சொல்லி எழுதியிருக்காங்கக்கா" என்றான்.

அவள் உறையைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "நானுந்தான் ரெண்டு வருசமா சொல்லிகினு கீறேன்" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குத் திரும்பிப் போனாள்.

மூன்று நாள் கெடு முடிந்தது. குப்புராஜ் வரவில்லை. அவரை இடம்பெயர்க்கவும் கூடாது, நீக்கவும் கூடாது, முடிவு தெரியும் வரை 'நிலுவையில்' வைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். சர்வரில் அப்படி ஒரு நிலை இல்லை என்றான் ரவி. அது சர்வரின் குறை என்றார் தலைவர்.

முகூர்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை. கம்ப்யூட்டர் அறையில் குத்துவிளக்கு ஏற்ற அத்தனை அதிகாரிகளும் கூடிவிட்டார்கள். பேக்கிங்கில் லேபிளைச் சரிபார்க்கிற இன்ஸ்பெக்டர் தேங்காய் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார். பழைய சர்வர் தன் முகூர்த்தப்படி ஒன்பது மணி நேரம் முன்பே நின்றிருந்தது. புதிய சர்வர் முகூர்த்தப்படி கண்ணைத் திறந்தது. ஷெட்டின் மூலையில் அந்தப் பழைய பெட்டி குப்பு என்ற பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டியது. புதிய சர்வருக்கு அப்படி ஒருவரைத் தெரியாது. திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துவிட்டு, பட்டியல் கிடைக்காத அந்தப் பெட்டி தனக்குச் சொந்தமாகத் தெரிந்த ஒரே வாசகத்தை லேபிளில் அடிக்க ஆரம்பித்தது. அது பேக்கிங்கில் யார் வந்து உட்கார்ந்தாலும் தெரியட்டும் என்று குப்புராஜ் என்றோ எழுதி வைத்தது.

ஆங்கில எழுத்து படிக்கத் தெரியாத கங்கம்மா ஒவ்வொரு லேபிளையும் கோணாமல், சுருக்கம் விழாமல் ஒட்டினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் மறைமலை நகருக்குப் போயின. ஒவ்வொன்றின் மேலும் இருந்தது: "வந்துட்டியா? சாப்டியா? - குப்பு."

திங்கட்கிழமை, அவற்றை வாங்கிய மறைமலை நகர்க் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. "உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் பெட்டிக்குள் இருப்பது என்ன?" பெட்டிகளும் கூடவே திரும்பி வந்தன.

அன்று யாருடைய திரையிலும் அந்த இரண்டு வரி வரவில்லை. புதிய ஏற்பாட்டில் அவை கிடையாது. எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மத்தியானம் ஜெயவேலு தலை சுற்றி ஸ்டோர்ஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார். மாத்திரை போட மறந்திருந்தார். சம்பத் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஒரு மாதிரியா இருக்குய்யா. வீட்ல யாரோ இல்லாத மாதிரி" என்றார்.

அன்றே விசாரணைக்கு உத்தரவானது. குற்றம் சாட்டப்பட்டவர் குப்புராஜ். குற்றப் பத்திரிகையை ஷெட்டில் அந்தப் பெட்டியின் மேல் ஒட்டினார்கள். பதில் சொல்ல ஏழு நாள். குற்றவாளிக்கு உதவியாக ஓர் ஊழியரை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்பதால், அவர் கேட்காமலே அந்தோணிசாமியை நியமித்தார்கள். விசாரணை அறையில் காலி நாற்காலி ஒன்று. அதன் முன்னால் மூடி போட்ட ஒரு டம்ளர் தண்ணீர்.

"குற்றத்தை ஒப்புக்கறாரா?" என்று தலைவர் நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.

அந்தோணிசாமியும் அந்த நாற்காலியைப் பார்த்தான். ஒரு கணம் பதில் வந்துவிடுமோ என்று எல்லோருமே பார்த்தார்கள்.

"மௌனம் சாதிக்கிறார்னு எழுதிக்கோங்கோ" என்றார் தலைவர். பிறகு கோப்பைத் திறந்தார். "இது புதுசு இல்லை. 1993, ஒரு சனிக்கிழமை. ஸ்டாக் கணக்கு மொத்தமும் அழிஞ்சு போச்சு. டேப்பும் எடுக்கலை. 'என் கவனக்குறைவு'ன்னு கைப்பட எழுதிக் குடுத்திருக்கார். அதுக்கப்புறம் ஆபீசர் போஸ்டே அவருக்குக் கிடைக்கலை. ஆகக் கவனக்குறைவு அவர் சுபாவம்."

அந்தோணிசாமி கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, மூடி போட்ட டம்ளரைப் பார்த்தான்.

அந்தச் சனிக்கிழமை கணக்கை அழித்தது அவன். வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரம். மனைவி இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில். தூக்கமில்லாத கண்ணோடு ஒரு கட்டளையைத் தப்பான இடத்தில் அடித்தான். குப்புராஜ் வந்து பார்த்தார். திட்டவில்லை. "நீ புள்ளையப் போய்ப் பாருடா அந்தோணி" என்று அனுப்பிவிட்டு, உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினார். பிறகு இந்த விஷயத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை. சனிக்கிழமைகளில் டேப் எடுத்தாயா என்று மட்டும் திரையில் கேட்டார்.

"என்ன தண்டனை சார் குடுக்க முடியும்?" என்றார் சம்பத் மெதுவாக. "அவர்தான் இல்லியே."

ஸ்ரீநிவாசராகவனின் முகம் மலர்ந்தது. முப்பத்துமூன்று வருஷ அனுபவம் காத்திருந்த கேள்வி அது. "முன்தேதியிட்ட பணிநீக்கம். இறந்த தேதிக்கு முதல் நாளிலிருந்து. இதுல யாருக்கு என்ன நஷ்டம்? செத்தவருக்குச் சம்பளமா நிக்கப்போறது? கொஞ்சம்கூட வலிக்காத தண்டனை. நான் எப்பவும் மனிதாபிமானத்தோடதான் தண்டிப்பேன்."

"அப்போ கங்கம்மா, சார்?" என்றான் அந்தோணிசாமி.

"பணியில் இருக்கும்போது இறந்தாத்தானே வாரிசுக்கு வேலை? பணிநீக்கம் ஆனதுக்கு மறுநாள்னா இறந்திருக்கார். கருணை அடிப்படைன்னா கருணைக்கும் ஒரு அடிப்படை வேணுமோல்லியோ." அவர் பேனாவை மூடினார். "எனக்கு மட்டும் ஆசையா? உசுரோட இருக்கற யாராவது ஒருத்தர் 'நான்தான்'னு எழுதிக் குடுத்தா, செத்தவரை நாங்க ஏன் தொந்தரவு பண்ணப்போறோம்? ஒரே கோப்புல ரெண்டு பேரைத் தண்டிக்க விதியிலயே இடமில்லை. ஆனா யார் குடுப்பா? கலிகாலம். திங்கக்கிழமை உத்தரவு போட்டுடலாம்."

வெளியே வரும்போது அவர் அந்தோணிசாமியின் தோளைத் தட்டினார். "நன்னா வாதாடினீர். சர்வர் மாத்தின கையோட உம்மை சிஸ்டம்ஸ் ஆபீசர் ஆக்கற ஆர்டரும் டைப் ஆயிடுத்து. திங்கக்கிழமை அதுலயும் கையெழுத்துதான்."

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போனான். சாமியார் என்ன வாசித்தார் என்று அவன் காதில் விழவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்துக் குரோம்பேட்டையில் இறங்கி, கம்பெனி வரை நடந்தான். வாட்ச்மேன் நாற்காலி காலியாக இருந்தது. டீக்கடைக்குப் போயிருக்க வேண்டும். அந்தோணிசாமி கேட்டின் சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

குழுவின் அலமாரிக்குப் பூட்டு கிடையாது. பூட்டு வாங்கும் தீர்மானம் மூன்றாவது கூட்டத்திலிருந்து நிலுவையில் இருந்தது. கோப்பை எடுத்து ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்தான். 1993ஆம் வருஷத்துக் கடிதம் மஞ்சளடித்துக் கிடந்தது. சாய்ந்த, அவசர எழுத்து. கடைசியில் கையெழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் கோடு. குப்புராஜ் எதை எழுதினாலும் கீழே இழுக்கிற கோடு அது.

வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து எழுதினான். 1993இல் ஸ்டாக் கணக்கை அழித்தது நான். திரு குப்புராஜ் என் பொருட்டு அந்தக் கடிதத்தை எழுதினார். பேக்கிங் ஷெட்டில் உள்ள பெட்டி அவர் பெயரில் இயங்குவது எனக்கு முன்பே தெரியும். மாற்ற வேண்டியது என் பணி. தெரிந்தும் மாற்றாதவன் நான். இதில் அவருக்கோ, பேக்கிங்கில் பணிபுரியும் வேறு யாருக்குமோ சம்பந்தமில்லை.

ஒரு முறை படித்துப் பார்த்தான். எல்லாம் உண்மை. எதையும் கூட்டவில்லை. அடியில் கையெழுத்திட்டான். தன் ஆபீசர் ஆர்டர் அதே அலமாரியில் அடுத்த தட்டில் இருப்பது தெரியும். எடுத்துப் பார்க்கவில்லை.

தாளைக் குப்புராஜின் கடிதத்துக்கு அடுத்ததாக வைத்துத் துளையிட்டு நாடாவில் கோத்தான். நாளை கோப்பைத் திறப்பார்கள். படிப்பார்களோ இல்லையோ, இன்னார் ஒப்புக்கொண்டார் என்று பக்க எண் போடுவார்கள். விதிப்படி அது போதும். கங்கம்மாவுக்கு இதில் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

வெளியே வந்தபோதும் வாட்ச்மேன் திரும்பியிருக்கவில்லை. மேஜைமேல் வருகைப் பதிவேடு திறந்து கிடந்தது, அன்றைய தேதி மட்டும் போட்டு. வந்த நேரத்தை எழுதாததால், போகிற நேரத்தையும் எழுத வேண்டியிருக்கவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தான்.